நோயெதிர்ப்புச் சிக்கலால் மனநரம்புப் பாதிப்புக்கு உள்ளாகும் குழந்தைகளும் அவர்களின் உணவும்: ஓர் எளிய விளக்கம்

உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றல் தடம்மாறி மூளையையே பாதிக்கும்போது, ஒரு குழந்தையின் நடத்தை, மனநிலை, பேச்சு, உடலசைவு ஆகிய எல்லாமே குறுகிய காலத்தில் மாறிவிடக்கூடும். இத்தகைய நோய்களுக்குத் தரப்படும் மருந்துகளைப் பற்றி மருத்துவர்கள் பெற்றோரிடம் விரிவாகவே பேசுகின்றனர். ஆனால் அந்த மருந்துகள் வேலை செய்யத் தொடங்கும்வரை கடந்தாக வேண்டிய வாரங்களில் குழந்தை என்ன சாப்பிடுகிறது, எவ்வளவு சாப்பிடுகிறது, ஏன் சாப்பிட மறுக்கிறது என்பவை பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களின் கவலையாகவே விடப்பட்டுவிடுகின்றன. அந்தக் கவலையில் எழும் முதல் கேள்வி 'எந்த உணவை நிறுத்த வேண்டும்' என்பதாகவே இருக்கிறது. 'போதிய அளவு சாப்பிட வைப்பது எப்படி' என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் நோய்களைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். இவற்றுள் மிகப் பழையது சிடென்ஹாம் கொரியா. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் தொற்று ஏற்பட்டுச் சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து, கைகால்களும் முகமும் குழந்தையின் விருப்பமின்றித் தாமாகவே துள்ளி அசையத் தொடங்கும் நோய் இது. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் சிடென்ஹாம் 17-ஆம் நூற்றாண்டிலேயே இதை விவரித்திருக்கிறார். இத்தகைய தொண்டைத் தொற்றுக்குப் பின் மூட்டுகளையும் இதயத்தையும் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சலின் ஒரு வெளிப்பாடான இது, அக்காய்ச்சல் இன்னும் முற்றிலும் ஒழியாத இந்தியா போன்ற நாடுகளில் இன்றும் காணப்படுகிறது. பாக்டீரியாவின் மேற்பரப்பிலுள்ள சில மூலக்கூறுகள் மூளை நரம்பணுக்களில் உள்ளவற்றை ஒத்திருப்பதால், கிருமியை அழிக்க உருவான எதிர்ப்பொருள்கள், அசைவையும் பழக்கங்களையும் ஒழுங்குபடுத்தும் பேசல் கேங்கிலியா என்னும் மூளைப்பகுதியைத் தவறுதலாகத் தாக்குகின்றன என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம்.

கொரியா உள்ள குழந்தைகளிடம், ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் அறிகுறிகளும் தென்படுவதைக் கவனித்த அமெரிக்க மனநல ஆய்வாளர் சூசன் ஸ்வீடோவும் அவருடைய குழுவினரும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றைத் தொடர்ந்து ஓ.சி.டி. அல்லது 'டிக்' எனப்படும், தசைகள் தாமாகவே அடிக்கடி வெட்டியசையும் உடல்வெட்டிழுப்பு திடீரெனத் தோன்றிய 50 குழந்தைகளைப் பற்றி 1998-இல் எழுதி, அந்த நிலைக்குப் 'பாண்டாஸ்' என்று பெயரிட்டனர். எல்லாக் குழந்தைகளிடமும் அந்த ஒரு கிருமியையே காரணமாகக் காட்ட முடியாததால், பின்னர் 'பான்ஸ்' என்ற விரிந்த வரையறை வந்தது. நம் தலைப்புக்கு இந்த இரண்டாவது வரையறை மிகவும் முக்கியமானது. ஏனெனில், பான்ஸ் என்று கருதுவதற்குத் திடீரெனத் தோன்றும் ஓ.சி.டி. இருக்க வேண்டும், அல்லது திடீரென உணவைக் கடுமையாகக் குறைத்துவிடுதல் இருக்க வேண்டும்; அவற்றோடு பதற்றம், எரிச்சல், வயதுக்குப் பொருந்தாத குழந்தைத்தனம், படிப்பில் சரிவு, கையெழுத்துக் குலைவு, உறக்கக் கேடு, படுக்கையில் சிறுநீர் கழித்தல் போன்றவற்றில் சிலவும் சேர்ந்திருக்க வேண்டும். அதாவது, சாப்பிட மறுப்பது இங்கே நோயின் பக்கவிளைவன்று. நோயை அடையாளம் காட்டும் தலையாய அறிகுறிகளில் ஒன்று.

இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று, மூளை நரம்பணுக்களிலுள்ள என்.எம்.டி.ஏ. என்னும் ஏற்பியை எதிர்ப்பொருள்கள் தாக்குவதால் வரும் ஆன்டி-என்.எம்.டி.ஏ. ஏற்பி மூளையழற்சி. ஸ்பெயினைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவும் அவருடைய குழுவினரும் 2007-இல் விளக்கிய இந்நோயில், காரணமான எதிர்ப்பொருளை மூளைத் தண்டுவட நீரில் பரிசோதித்துக் கண்டறிய முடியும். பாண்டாஸ், பான்ஸ் ஆகியவற்றுக்கு அப்படி உறுதிசெய்யும் ஒற்றைப் பரிசோதனை இல்லை. அவற்றின் காரணம், சிகிச்சை இரண்டையும் பற்றி மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. ஆகவே, பிற காரணங்களை முறையாக விலக்கிப் பார்க்கக்கூடிய குழந்தைநல மருத்துவர், நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர் ஆகியோரின் மதிப்பீடு இல்லாமல் எந்தக் குழந்தைக்கும் இப்பெயரைச் சூட்டிவிடக் கூடாது. ஆனால் பெயர் எதுவாக இருப்பினும், சாப்பிடாத குழந்தையின் உடல் அந்தக் கருத்து வேறுபாடு தீரும்வரை காத்திருக்காது.

சாப்பாடு ஏன் நின்றுபோகிறது?

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். போன வாரம்வரை தோசையை விரும்பிச் சாப்பிட்டவள், இன்று தட்டைப் பார்த்ததும் பின்வாங்குகிறாள். தோசைக்கரண்டியை அம்மா எடுப்பதற்கு முன்பு மேடையைத் துடைத்தாரா என்று கேட்கிறாள். துடைத்த துணி எது என்று கேட்கிறாள். பதில் சொன்ன பிறகும் அதே கேள்வியை மறுபடி கேட்கிறாள். தட்டை மாற்றி, தோசையை மாற்றி, வேறொருவர் பரிமாறிய பின்னரும் ஒரு விள்ளலை வாய்வரை கொண்டுபோய்விட்டு அழுதபடி கீழே வைக்கிறாள். பசிக்கிறது என்றும் அவளே சொல்கிறாள். இதைக் காணும் பெரியவர்களுக்கு இது பிடிவாதமாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் பசி இருந்தும் சாப்பிட முடியாமல் போவதுதான் இந்நோயின் கொடுமை. உணவில் அழுக்கோ கிருமியோ நஞ்சோ கலந்திருக்கும் என்ற அச்சம், விழுங்கினால் தொண்டையில் அடைத்துவிடும் என்ற அச்சம், வாந்தி வந்துவிடும் என்ற அச்சம் ஆகியவை இக்குழந்தைகளிடம் அதிகம் காணப்படுகின்றன. வேறு சிலருக்கு மணமும் சுவையும் தொடுவுணர்வும் தாங்க முடியாத அளவுக்குக் கூர்மையாகிவிடுவதால், குழைந்த சோறும் கறிவேப்பிலையின் வாசமுமே குமட்டலைத் தருகின்றன. உடல் பருத்துவிடுமோ என்ற கவலையால் வளரிளம் பருவத்தினர் உணவைக் குறைக்கும் நோயிலிருந்து இது பெரும்பாலும் வேறுபட்டது.

அச்சமே இல்லாமலும் உணவு குறையலாம். சிடென்ஹாம் கொரியாவில் கை துள்ளுவதால் கரண்டி வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்திவிடுகிறது. நாக்கும் தொண்டைத் தசைகளும் ஒத்திசையாததால் மெல்லுவதும் விழுங்குவதும் கடினமாகின்றன. ஓயாத அசைவால் உடலின் ஆற்றல் செலவும் கூடுகிறது. அக்குழந்தைக்குப் பாதியளவே நிரப்பிய அடிகனத்த டம்ளர், விளிம்பு உயர்ந்த கிண்ணம், தடித்த பிடியுள்ள கரண்டி, முழங்கையை மேசைமேல் ஊன்றி அமரும் வசதி ஆகியவை சத்து மாத்திரையைவிட அதிகம் உதவும். மூளையழற்சியில் விழுங்கும் திறனே குறைந்துபோகலாம். சாப்பிடும்போது இருமல், குடித்தபின் குரல் நீர்த்தன்மையுடன் ஒலித்தல், அடிக்கடி மார்புச்சளி ஆகியவை இருந்தால், உணவு மூச்சுக்குழாய்க்குள் செல்கிறது என்று ஐயுற்று, வாய்வழி ஊட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடமும் விழுங்குதல் பயிற்சியாளரிடமும் காட்ட வேண்டும். அடைத்துக்கொள்ளும் என்ற அச்சமும் உண்மையான விழுங்கல் குறைபாடும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பதால், இவற்றை வீட்டிலேயே பிரித்தறிய முயல்வது ஆபத்தானது.

மூன்றாவதாக மருந்துகள். ஓ.சி.டி.க்குத் தரப்படும் ஃப்ளூஆக்செடின் போன்றவை தொடக்கத்தில் பசியைக் குறைக்கலாம்; கவனக்குறைவுக்குத் தரப்படும் மீத்தைல்ஃபெனிடேட் பகல் முழுவதும் பசியை அடக்கலாம்; ஆன்டிபயாடிக் வயிற்றுப்போக்கையும் குமட்டலையும் தரலாம். மாறாக, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டும், மனநல மருந்தான ரிஸ்பெரிடோனும், வலிப்பு மருந்தான வால்புரோயேட்டும் பசியைத் தூண்டி எடையைக் கூட்டலாம். ஒரே குழந்தை ஒரு மாதம் எலும்பும் தோலுமாகவும், அடுத்த சில மாதங்களில் அளவுக்கு மீறிய எடையுடனும் இருக்கக்கூடும் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

எவ்வளவு தேவை, எப்படித் தருவது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 7 முதல் 9 வயதுவரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1700 கலோரி ஆற்றலும், சுமார் 23 கிராம் புரதமும், 650 மில்லிகிராம் கால்சியமும் தேவை. இவை நலமான குழந்தைக்கான அளவுகள். இழந்த எடையை மீட்க வேண்டிய குழந்தைக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். ஆனால் அச்சத்தோடு சாப்பிடும் குழந்தையிடம் தட்டின் அளவைப் பெருக்கிக் காட்டினால், அச்சம்தான் பெருகும். அதனால் சாப்பிடும் அளவைக் கூட்டாமல், அதே அளவிலுள்ள ஆற்றலைக் கூட்டுவதே செய்யத்தக்கது.

நோயுற்ற குழந்தை என்றதும் நம் வீடுகளில் முதலில் வருவது நீர்க்க வைத்த கஞ்சி. ஒரு கிண்ணம் நீர்க்கஞ்சியில் வயிறு நிறைந்துவிடும். ஆற்றலோ மிகக் குறைவு. அதே கஞ்சியைப் பாலில் கெட்டியாகக் காய்ச்சி, ஒரு தேக்கரண்டி நெய் சேர்த்தால் 45 கலோரி கூடுகிறது. 20 கிராம் வறுத்த நிலக்கடலையை நைசாக அரைத்துக் கலந்தால் இன்னும் 110 கலோரி அளவு ஆற்றலும், ஐந்து கிராம் அளவு புரதமும் சேர்கின்றன. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருப்பதால், ஸ்டீராய்டு எடுத்துக்கொள்ளும் குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழும் பாலும் தயிரும் எள்ளுருண்டையும் எலும்புக்குக் காப்பாகின்றன. விலையுயர்ந்த மாவு டப்பாக்கள் இல்லாமலேயே பெரும்பாலான வீடுகளில் இதைச் செய்துவிட முடியும். சர்க்கரை மிகுந்த பானப்பொடிகளைச் சத்துணவு என்று நம்பிப் பணத்தைச் செலவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் குழந்தை அறியாமல் எதையும் கலக்கக் கூடாது. உணவில் ஏதோ கலந்திருக்கிறது என்று அஞ்சும் குழந்தையிடம், உண்மையிலேயே எதையோ கலந்து கொடுத்து அது கண்டுபிடிக்கப்பட்டால், அதுவரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓரிரு உணவுகளும் கைவிட்டுப் போய்விடும். எதைச் சேர்த்தாலும் குழந்தைக்குச் சொல்லியே சேர்க்க வேண்டும். மூன்று பெரிய வேளைகளுக்குப் பதிலாக, இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேர வரம்பு வைத்து, அந்த நேரம் முடிந்ததும் வாதமின்றித் தட்டை எடுத்துவிடுவது பல குடும்பங்களுக்கு உதவுகிறது. 'இது சுத்தமானதா' என்ற கேள்விக்கு ஒருமுறை அமைதியாகப் பதில் சொல்லலாம். இருபதுமுறை சொன்னால் அது ஓ.சி.டி.க்கே தீனியாகிறது. எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பது, எந்த இடத்தில் உறுதியாக நிற்பது என்பதை, அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பயிற்றும் மனநல ஆலோசகருடன் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும். நோயின் உச்சத்தில் குழந்தை ஏற்கும் ஐந்து உணவுகளை வைத்துக்கொண்டே எடையைக் காத்து, பட்டியலை விரிப்பதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பதே என் எண்ணம். மூக்கைப் பிடித்து ஊட்டுவதும், அடித்து மிரட்டுவதும், தெருவில் போகிறவரைக் காட்டிப் பயமுறுத்துவதும் எந்த நிலையிலும் வேண்டா.

வாரம் ஒருமுறை, ஒரே எடைக்கருவியில், காலையில் ஒரேவகை உடையோடு எடை பார்த்துத் தேதியுடன் குறித்து வைக்க வேண்டும். எண்ணைக் குழந்தையிடம் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் அதை வளர்ச்சி வரைபடத்தில் குறித்துப் பார்க்கும்போது, எடை குறைவது மட்டுமன்றி, வளரும் வயதில் மாதக்கணக்காக எடை கூடாமல் நிற்பதும் இழப்பே என்பது தெளிவாகத் தெரியும். ரத்தசோகை, இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி ஆகியவற்றையும் பரிசோதிப்பதுண்டு. பி12 குறைபாடு தானே மனநிலையையும் நரம்புகளையும் பாதிக்கவல்லது என்பதால், பால்கூட அதிகம் எடுக்காத சைவக் குடும்பங்களில் இதைத் தவறவிடக் கூடாது. இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிடின் அளவு, உடலில் அழற்சி இருக்கும்போது உயர்ந்து காணப்படும். எனவே இக்குழந்தைகளிடம் அது சரியாக இருப்பதாகத் தெரிவதாலேயே இரும்புக் குறைபாடு இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

தண்ணீரையும் மறுத்தல், எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்காமை, எழுந்து நிற்கும்போது மயக்கம், கைகால் குளிர்ந்துபோதல், ஓரிரு வாரத்திலேயே கண்ணுக்குத் தெரியும் எடைக்குறைவு ஆகியவற்றில் எது இருந்தாலும் வீட்டு முயற்சிகளைத் தொடராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வளரிளம் பருவத்தினரிடம் பகலில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இறங்குவது, உணவின்மை இதயத்தைத் தொட்டுவிட்டதற்கான அறிகுறி.

இங்கே பெற்றோர் பலரும் அறியாத ஓர் ஆபத்தை விளக்கியாக வேண்டும். பல நாள்கள் ஏறத்தாழப் பட்டினி கிடந்த குழந்தை மனம் மாறிச் சாப்பிடத் தொடங்கினால், மகிழ்ச்சியில் வயிறு நிறைய ஊட்டிவிடத் தோன்றும். ஆனால் பட்டினிக் காலத்தில் உடலின் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் இருப்புகள் கரைந்திருக்கும். திடீரென நிறைய மாவுச்சத்து உள்ளே வரும்போது இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் எஞ்சியிருக்கும் இத்தாதுக்களையும் உயிரணுக்களுக்குள் இழுத்துவிடுகிறது. தயமின் என்னும் பி1 வைட்டமினும் விரைவாகச் செலவாகிறது. அதன் விளைவாக உடல் வீக்கம், மூச்சுத்திணறல், குழப்பம், இதயத்துடிப்பின் சீர்குலைவு ஆகியவை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஐந்து நாள்களுக்கு மேல் மிகக் குறைவாகவே சாப்பிட்டிருந்தாலோ, எடை வெகுவாகக் குறைந்திருந்தாலோ, உணவை மீண்டும் தொடங்குவது மருத்துவக் கண்காணிப்பில், ரத்தப் பரிசோதனைகளோடு, படிப்படியாக நடக்க வேண்டும். அப்போதும் வாய்வழி முடியவில்லை என்றால், மூக்குவழிக் குழாயில் சில காலம் உணவு தருவார்கள். குழாயைப் பெற்றோர் தோல்வியின் அடையாளமாக எண்ணத் தேவையில்லை. மூளையழற்சியிலும் கடுமையான பான்ஸிலும் அது மருந்துக்கு நிகரான சிகிச்சை.

மருந்தும் உணவும்

ஐபூப்ரோஃபென், நாப்ராக்சென் போன்ற அழற்சி நீக்கிகள் சில குழந்தைகளுக்குத் தரப்படுவதுண்டு. அவற்றை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். தண்ணீர் சரியாகக் குடிக்காத குழந்தைக்கு அவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பது தெரிவதில்லை. குழந்தை நீர் அருந்துவது குறைந்துவிட்ட நாளில், அடுத்த வேளை மருந்தைக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்துவரும் குழந்தை, வாந்தியாலோ உணவு மறுப்பாலோ மாத்திரையை விழுங்க முடியாமல் போனால், அதைச் சாதாரணத் தவறலாகக் கருதி விட்டுவிடக் கூடாது. அம்மருந்தைத் திடீரென நிறுத்தினால் உடல் நிலைகுலையும் என்பதால் அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். ஸ்டீராய்டு காலத்தில் எழும் அடங்காப் பசிக்கு அப்பளம், ஊறுகாய், சிப்ஸ், இனிப்பு ஆகியவற்றைக் குறைத்து, சுண்டல், மோர், முட்டை, காய்கறி கலந்த அடை போன்றவற்றைக் கொடுக்கலாம். அக்குழந்தையைத் திட்டிப் பட்டினி போடுவது கொடுமை. அந்தப் பசி மருந்தினால் வருவது.

அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட் என்னும் ஆன்டிபயாடிக்கை உணவின் தொடக்கத்தில் கொடுத்தால் வயிற்றுத் தொல்லை குறையும். மற்றோர் ஆன்டிபயாடிக்கான டாக்சிசைக்ளினைப் பாலோடு சேர்த்துக் கொடுத்தால் அது சரியாக உறிஞ்சப்படாது. கொடையாளர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள்களான ஐ.வி.ஐ.ஜி.யைச் சிரைவழி ஏற்றும் நாளுக்கு முன்னும் பின்னும் போதிய நீர் அருந்துவது தலைவலியைக் குறைக்க உதவும். ரிடுக்சிமாப் போன்ற, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் பெறும் குழந்தைக்கு, காய்ச்சாத பால், அரைவேக்காட்டு முட்டை, கடையில் வெட்டிவைத்த பழம் ஆகியவற்றைத் தவிர்த்து, காய்ச்சி ஆறவைத்த நீரையே தர வேண்டும். நன்மைதரும் பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரைகளும் அத்தகைய குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேளாமல் கொடுக்கத் தக்கவை அல்ல.

பத்தியமும் சத்து மாத்திரையும்

கோதுமையை நிறுத்துங்கள், பாலை நிறுத்துங்கள், சர்க்கரையை அடியோடு விடுங்கள் என்ற அறிவுரைகள் இக்குழந்தைகளின் பெற்றோரைப் பல திசைகளிலிருந்தும் வந்தடைகின்றன. நம் ஊரில் பத்தியம் என்ற பழக்கமும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. இத்தகைய உணவு விலக்கு பாண்டாஸையோ பான்ஸையோ குணப்படுத்தும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. ஏற்கனவே ஐந்தாறு உணவுகளையே ஏற்கும் குழந்தையிடமிருந்து இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் தயிரையும் பறித்துவிட்டால், 'உணவு ஆபத்தானது' என்ற அதன் அச்சத்தைப் பெரியவர்களே உறுதிசெய்வது போலாகிவிடும் என்பதுதான் எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நிறுத்திய பிறகு செய்தால் முடிவு தவறாக வரக்கூடும். ஐ.வி.ஐ.ஜி.யில் பிறருடைய எதிர்ப்பொருள்கள் இருப்பதால், அது ஏற்றிய பிறகு செய்யும் எதிர்ப்பொருள் பரிசோதனைகளும் குழப்பம் தரலாம்.

உணவுமுறையே சிகிச்சையாகும் இடம் ஒன்று உண்டு. கட்டுக்கடங்காத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு, காய்ச்சல் தொற்றைத் தொடர்ந்து வரும் சில கடும் வலிப்பு நோய்கள் உட்பட, கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவு மருத்துவமனையில் தொடங்கப்படுகிறது. அதற்கு எடையளந்த உணவும் தொடர்ந்த ரத்தப் பரிசோதனையும் பயிற்சி பெற்ற உணவியலாளரும் தேவை. வீட்டில் தாமாகத் தொடங்கத் தக்கதன்று.

சத்து மாத்திரைகள் குறைபாட்டை நிரப்பும். குறைபாடு இல்லாதபோது மிகுதியாகக் கொடுத்தால் தீங்கு செய்யும். வைட்டமின் டி 60,000 யூனிட் அளவு, வாரம் ஒருமுறை என்று எழுதித் தரப்படுகிறது. அதைத் தவறுதலாகத் தினமும் கொடுத்துவிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், மிகுந்த தாகம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை வரும். அந்த வாந்தியும் பசியின்மையும் நோயின் தீவிரமாகவே தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம். எனவே வீட்டில் கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரையும் சூரணமும் லேகியமும் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்நோய்கள் சிலரிடம் தணிந்து மீண்டும் தலைதூக்குகின்றன. அதனால் குழந்தை நலமாக இருக்கும் மாதங்களில்தான் உணவுப் பட்டியலை விரிக்கும் வேலை நடக்க வேண்டும்: வாரத்துக்கு ஒரு புதிய உணவு, சிறு அளவில், குழந்தைக்குத் தெரிந்தே, கட்டாயமின்றி. அத்துடன் கடுமையான நாள்களிலும் குழந்தை ஏற்றுக்கொண்ட உணவுகள் எவை, யார் பரிமாறினால் ஏற்றது, எந்தத் தட்டில் ஏற்றது, கடைசியாகப் பார்த்த எடை என்ன என்பதை ஒரே தாளில் எழுதி, மருந்துச் சீட்டுகளோடு வைத்துக்கொள்ளலாம். நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குச் செல்ல நேர்ந்தால், குழந்தையை முதன்முறையாகப் பார்க்கும் மருத்துவர் அந்தத் தாளைக் கொண்டே எவ்வளவு வேகத்தில் உணவைத் தொடங்கலாம் என்று முடிவுசெய்ய முடியும்.